இழப்பு நிதிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்ட சம்மாந்துறைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 2024 நவம்பர் வெள்ளத்தில், இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறைப் பக்கம் உங்கள் வாப்பாவின் ஐந்து ஏக்கரில் மூன்று ஏக்கரை மணல் மூடிவிட்டது. உலக நாடுகள் சேர்ந்து நட்டஈட்டு நிதி ஒன்று தொடங்கியிருப்பதாகச் செய்தியில் பார்த்தீர்கள், அதற்கு எங்கே விண்ணப்பிப்பது என்பது முதற் கேள்வி. காலநிலை மாற்றம் பற்றி உலக நாடுகள் முப்பது வருடமாக ஊர் ஊராகக் கூடிப் பேசுகின்றனவே, அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன பயன் என்பது இரண்டாவது. முதற் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அந்த நிதிக்குத் தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. அப்படி ஒரு படிவமே இல்லை. யாராவது படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுத்துவிட வேண்டாம். நீங்கள் மனத்தில் வைத்துக் கேட்டது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருபத்து மூன்று வருடம் கமநலத் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். பாதிக் காலம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில்தான் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு சிவில் அமைப்பொன்றோடு சேர்ந்து 2022இல் எகிப்தின் ஷாம் எல்-ஷேக்கிலும் 2023இல் துபாயிலும் நடந்த காலநிலை மாநாடுகளுக்குப் பார்வையாளனாகப் போய் வந்தேன். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவன் அல்ல, பின்வரிசையில் இருந்து பார்த்தவன். சர்வதேசச் சட்டமும் படித்தவன் அல்ல. அந்த அளவில் வைத்து இதை வாசியுங்கள்.

முதலில் அந்த 'நட்டஈடு' என்ற சொல். செய்திகளில் அப்படித்தான் போடுகிறார்கள், ஆனால் அந்த நிதியின் பெயரில் அது கிடையாது. இழப்பையும் சேதத்தையும் எதிர்கொள்வதற்கான நிதி என்பதுதான் பெயர். நட்டஈடு என்றால் குற்றம் செய்தவன் கொடுப்பது. அந்தச் சொல் வந்துவிடக்கூடாது என்பதில் பணக்கார நாடுகள் முப்பது வருடம் உறுதியாக நின்றன. 1991இல், காலநிலை பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட சமவாயம் என்ற அடிப்படை ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே, சிறு தீவு நாடுகள் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை வைத்தது: கடல் ஏறி நிலம் போகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு காப்புறுதிப் பொதுநிதி, அதற்குப் பணம் கைத்தொழில் நாடுகள் போட வேண்டும். 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட சமவாயத்தில் அந்த நிதி இல்லை, காப்புறுதி என்ற சொல் மட்டும் ஓர் இடத்தில் மிஞ்சியது. 2013இல் வார்சோவில் மாநாடு கூடியபோது பிலிப்பைன்ஸை ஹையான் சூறாவளி அடித்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த நாட்டின் பிரதிநிதி யெப் சானோ மாநாட்டு மண்டபத்தில் அழுதுகொண்டே பேசி, உருப்படியான முடிவு வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று நோன்பிருந்தார். அந்த வருடம் கிடைத்தது இழப்பும் சேதமும் பற்றிப் பேசி ஆராய ஒரு பொறிமுறை, அதாவது ஓர் அமைப்பு ஏற்பாடு மட்டுந்தான், பணம் இல்லை. 2015 பாரிஸ் உடன்படிக்கையில் இதற்கென்றே எட்டாம் உறுப்புரை வந்தது. ஆனால் உடன்படிக்கையோடு சேர்த்து நிறைவேற்றிய தீர்மானத்தின் 51ஆம் பந்தியில், அந்த உறுப்புரை எந்தப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று எழுதிப் பூட்டிவிட்டார்கள். ஆகவே இப்போது வருவது உரிமையாகக் கேட்டு வாங்கும் பணம் அல்ல, விரும்பியவர் விரும்பிய அளவு போடும் பணம். இதில் எனக்குக் கோபம் உண்டு. வாப்பாவின் வயலில் மணல் ஏறியதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளாமல் கொடுக்கிற காசை உதவி என்றுதான் சொல்லலாம். நமக்குச் சேர வேண்டியது கணக்குத் தீர்ப்பது.

சரி, அந்த நிதி எப்படிப் பிறந்தது என்று பார்த்ததை எழுதுகிறேன். ஷாம் எல்-ஷேக்கில் எங்களை உள்ளே விட்ட கூட்டங்களில் வரைவு பெரிய திரையில் ஓடும். இணக்கம் வராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்திருப்பார்கள். ஒரு பந்தியில் பத்து அடைப்புக்குறி இருக்கும், ஒரு மணி நேரம் பேசினால் இரண்டு கழன்று புதிதாக மூன்று முளைக்கும். அந்த வருடம் பெரிய இழுபறி ஒரே விடயத்தில்தான்: புதிய நிதியம் ஒன்றா, இல்லை 'நிதி ஏற்பாடுகள்' மட்டுமா. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஏற்பாடுகள் என்றால் ஏற்கெனவே கொடுக்கும் உதவிக்கும் கடனுக்கும் வேறு பெயர் வைத்துக் கணக்குக் காட்டலாம். நிதியம் என்றால் தனிக் கணக்கு, தனி நிர்வாக சபை, அதில் நமக்கும் நாற்காலி. வளர்முக நாடுகள் ஒன்றும் பிரியாமல் நின்றன. கடைசி நாட்களில் ஐரோப்பிய ஒன்றியம் இறங்கி வந்தது, அப்புறம் அமெரிக்கா. நவம்பர் 20, ஞாயிறு விடிகிற நேரம், புதிய நிதியம் என்று முடிவு நிறைவேறியதாகச் சுத்தியல் தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த ஆபிரிக்கப் பெண் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, மொழிபெயர்ப்புக் கேட்கும் காதுக் கருவியைச் சரிசெய்து, 'நிதியம் என்றுதானே சொன்னார்கள்?' என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். 31 வருடத்தின் பிறகு வந்த சொல்.

இவ்வளவு காலம் ஏன் என்று கேட்பீர்கள். நம் ஊர் ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். போகம் தொடங்கு முன் அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமையில் எல்லாரும் கூடி, விதைப்புத் திகதி, குளத்தின் துருசு (மதகு) திறக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாள் எல்லாம் முடிவாகும். குளத்துக்குப் பக்கத்து வயற்காரர் ஒன்று சொல்வார், வாய்க்கால் கடைசியில் இருப்பவர் இன்னொன்று சொல்வார், கத்தல் இல்லாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. ஆனால் முடிவு எழுதியாகிவிட்டால் அதற்கு நீர்ப்பாசனச் சட்டத்தின் பலம் உண்டு. தண்ணீர்ப் பங்கீட்டுக்குப் பொறுப்பான வட்டவிதானை வாய்க்காலைப் பார்ப்பார், மீறினால் வழக்குப் போடலாம். காலநிலை மாநாட்டில் இந்தப் பின்பாதி இல்லை. முன்பாதியும் நம்முடையதைவிடக் கடினம். 1995இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலிருந்து இன்றுவரை வாக்கெடுப்பு பற்றிய விதியில் அவர்களுக்கு இணக்கம் வரவே இல்லை, ஆகையால் எல்லாமே பொது இணக்கத்தால்தான் நடக்க வேண்டியிருக்கிறது. 2009இல் கோபன்ஹேகனில் சில நாடுகள் எதிர்த்ததால் அங்கே எழுதிய ஒப்பந்தம் நிறைவேறாமல் 'கவனத்தில் எடுக்கப்பட்டது' என்ற அளவில் நின்றது. அடுத்த வருடம் மெக்சிகோவின் கான்கூனில் பொலிவியா ஒன்று மட்டும் எதிர்த்தது. தலைமை தாங்கிய பத்ரிசியா எஸ்பினோசா, ஒரு நாடு மற்ற எல்லாரையும் மறிக்க முடியாது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். இணக்கம் எது என்பதைக்கூடச் சில வேளை தலைவரின் துணிச்சல்தான் தீர்மானிக்கிறது.

இப்போது அந்த நிதியில் என்ன இருக்கிறது? துபாயில் முதல் நாளே, 2023 நவம்பர் 30இல், அது இயங்கத் தொடங்கலாம் என்று முடிவாகி, ஐக்கிய அரபு இராச்சியமும் ஜேர்மனியும் ஆளுக்கு 100 மில்லியன் டொலர் அறிவித்தன. மாநாடு முடிவதற்குள் எல்லா நாடுகளும் சேர்ந்து அறிவித்தது சுமார் 700 மில்லியன் டொலர். அறிவித்தது வேறு, கைக்கு வந்தது வேறு என்பதையும் சேர்த்து நினையுங்கள். உலக வங்கி அதை இடைக்காலத்துக்கு வைத்து நடத்துகிறது, நிர்வாக சபையின் இருப்பிடம் பிலிப்பைன்ஸ். 2025இல் தொடக்கக் கட்டமாக 250 மில்லியன் டொலர் ஒதுக்கி, ஒரு திட்டத்துக்கு 5 முதல் 20 மில்லியன் டொலர் வரை நன்கொடையாகக் கொடுக்க விதி வகுத்தார்கள். அந்த வருடம் நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் முதல் அழைப்பை அறிவித்தார்கள். விண்ணப்பம் நாடு வழியாகத்தான் போக வேண்டும்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் நம் செய்திகளில் சரியாக எழுதுவதில்லை. அந்த 250 மில்லியனில் குறைந்தது பாதி சிறு தீவு வளர்முக நாடுகளுக்கும் மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கும் என்று விதி. இலங்கை சுற்றிவரக் கடலுள்ள தீவாக இருந்தாலும் அந்தச் 'சிறு தீவு நாடுகள்' பட்டியலில் இல்லை, மாலைதீவு இருக்கிறது. மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளின் பட்டியலிலும் இல்லை, பங்களாதேஷ் இருக்கிறது. நாம் கீழ் நடுத்தர வருமான நாடு. ஆகவே மிச்சப் பாதிக்குள் நிறைய நாடுகளோடு போட்டி போட வேண்டும். உலக உமிழ்வில் இலங்கையின் பங்கு 0.1 வீதமளவுதான். குற்றத்தில் பங்கில்லாதவர் வரிசையில் முன்னால் நிற்கிறோம், உதவி வரிசையில் நடுவில் எங்கேயோ நிற்கிறோம்.

பெரிய பணம் வேறு கணக்கில் இருக்கிறது. கோபன்ஹேகனில் வருடம் 100 பில்லியன் டொலர் 2020க்குள் தருவதாகச் சொன்னார்கள், 2022இல்தான் அந்த அளவை எட்டியதாகப் பணக்கார நாடுகளின் அமைப்பே கணக்குக் காட்டியது. 2024இல் அசர்பைஜானின் பாகு மாநாட்டில் 2035க்குள் வருடம் 300 பில்லியன் என்று உயர்த்தினார்கள். ஆனால் அரசுகள் வழியாக வந்த அந்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு, வெள்ளத்துக்கு அணை கட்ட இன்னொரு கடன் என்றால் அதன் பாரம் யார் தலையில் என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பேச்சுவார்த்தைகளில் நன்கொடையா கடனா என்ற ஒரு கேள்விக்காகவாவது நம் பிரதிநிதிகள் விடாமல் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியென்றால் பயனே இல்லையா? இருக்கிறது என்றுதான் சொல்வேன். பாரிஸுக்கு முன்பிருந்த போக்கில் போனால் இந்த நூற்றாண்டு முடிவில் பூமி கிட்டத்தட்ட 4 பாகை சூடேறும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இப்போதுள்ள கொள்கைகளின்படி சுமார் 2.8 பாகை என்று ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. பாரிஸ் சொன்ன 1.5 எங்கே, 2.8 எங்கே. 2024ஆம் வருடம் மட்டும் தனியாக எடுத்தால் 1.5ஐத் தாண்டியும் விட்டது. ஆனாலும் 4க்கும் 2.8க்கும் இடையிலுள்ள வித்தியாசம் நம் கரையோரக் கிராமங்களுக்குச் சிறிது அல்ல. இன்னொன்று: பேச்சுவார்த்தை மேசையில் பூட்டிய கதவை வேறு வழியால் தட்டியும் பார்த்திருக்கிறார்கள். 2019இல் வனுவாட்டில் படித்த பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் தொடங்கிய முயற்சி சர்வதேச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலை 23இல் அந்த நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது: காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை, மீறினால் பரிகாரம் கொடுக்க வேண்டி வரலாம் என்று. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. அமெரிக்கா 2025 ஜனவரியிலேயே பாரிஸிலிருந்து மீண்டும் விலகுவதாக அறிவித்துவிட்டது. அதனால் இந்தக் கருத்தை வைத்து யார் யாரிடம் எவ்வளவு வாங்க முடியும் என்பது இன்னும் திறந்த கேள்விதான். என்றாலும் 51ஆம் பந்தியோடு கதை முடியவில்லை.

இனி உங்கள் வயலுக்கு வருகிறேன். எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போடுவது நமக்கே பாதகம். காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 வீதம் கூடுதலாக ஈரம் பிடிக்கும், ஆகவே கொட்டும்போது கூடக் கொட்டும். கடல் மட்டம் ஏறுகிறது, வெள்ளம் வடிய இன்னும் நேரம் எடுக்கும். இவை நிச்சயம். 2024 நவம்பர் கடைசியில் நம் கரையோரமாக நகர்ந்து பிறகு பெங்கல் சூறாவளியான அந்தத் தாழமுக்கத்தின் மழையில் எத்தனை பங்கு சூடேற்றத்தால் வந்தது என்பது அப்படி நிச்சயமில்லை. வாப்பாவின் வயலில் ஏறிய மணலுக்கு ஆற்றில் மணல் அள்ளியது, வடிகாலை மறித்து மண் நிரப்பிக் கட்டியது இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். ஒலுவில், நிந்தவூர்க் கரை அரிக்கப்படுவதைப் பாருங்கள். துறைமுகத்தின் அலைதடுப்பு அணை கடலோர மணலின் ஓட்டத்தை மாற்றியதுதான் அங்கே முதற் காரணம். அதைக் கடல் மட்டம் ஏறிய கணக்கில் எழுதினால் பரிசீலிப்பவர் முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார், உண்மையான இழப்பும் சேர்ந்து தள்ளுப்படும்.

கணக்கு எழுதுவது பற்றி எனக்கு ஆறாத ஒரு அனுபவம் உண்டு. 2011 ஜனவரி வெள்ளம் வந்தபோது நெல் கதிர் முற்றும் தறுவாயில் இருந்தது. படுவான்கரையில் ஒரு வட்டையின் சேத விபரம் இரண்டு கைகளால் எழுதப்பட்டு இரண்டு இடங்களுக்குப் போனது. ஒன்றில் 210 ஏக்கர், மற்றதில் 140. மேலே இருந்த அலுவலகம் இரண்டையும் திருப்பி அனுப்பியது. நாங்கள் திரும்பிப் போய் அளப்பதற்குள் தண்ணீர் வடிந்து, சிலர் அடுத்த வேலைக்கு உழுதும் விட்டார்கள். கடைசியில் குறைந்த கணக்கே நின்றது. உண்மையில் அழிந்தது 200க்கு மேல் என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லை. அந்த எழுபது ஏக்கர்க்காரர்களை இன்றும் வீதியில் சந்திக்கிறேன். ஷாம் எல்-ஷேக்கில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த நினைவுதான் வந்தது. அங்கேயும் எழுத்தில் ஏறாதது நடக்காததாகவே போகும்.

அங்கே பேசப்படும் இன்னொரு வகை இழப்பையும் சொல்ல வேண்டும்: பணத்தால் அளக்க முடியாதவை. அதே நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நிதியில் என்ன தொகை போடுவது? உயிர், மையவாடி, கோயில், பள்ளிவாசல், ஒரு ஊர் இடம்பெயர்ந்து போவது, இவற்றையும் இழப்பாகப் பதிய வேண்டும் என்று சர்வதேசப் பொறிமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் அரச படிவங்களில் அதற்குக் கட்டமே இல்லை. இது மாற வேண்டும் என்று பிரதேசக் கூட்டங்களில் நாம் கேட்கலாம், அதற்கு ஜெனீவா போகத் தேவையில்லை.

உங்களுக்கு இப்போது கிடைக்கக்கூடிய பயிர்ச் சேதக் கொடுப்பனவு உள்நாட்டுப் பணம், கமநல சேவை நிலையம் வழியாக வருவது, அதை இந்த உலக நிதியோடு குழப்ப வேண்டாம். அது தனியாகக் கேளுங்கள். உலக நிதியிலிருந்து என்றாவது ஒன்று வந்தால் அது திட்டமாகத்தான் வரும்: வயலில் மணல் அகற்றுவது, வடிகால் புனரமைப்பது, வான்கதவுத் தண்ணீர் வருமுன் எச்சரிப்பது போல. எந்த மாவட்டம் உள்ளே வரும் என்பது கொழும்பில் எந்தக் கோப்பில் என்ன இலக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மணலை இன்னும் அள்ளவில்லை என்றால், அள்ளுமுன் ஒரு கம்பில் அங்குலக் குறி போட்டு வயலின் நான்கு இடத்தில் நட்டு, திகதி தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். பக்கத்து வயற்காரர்களையும் எடுக்கச் சொல்லுங்கள். வாப்பாவிடம் உட்கார்ந்து, 1978 சூறாவளி தொடங்கி இந்த வயலில் எந்தெந்த வருடம் வெள்ளம் ஏறியது, எத்தனை நாள் நின்றது, எப்போது முதலில் மணல் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஞாபகம் பிசகலாம், அதனால் 'வாப்பா சொன்னது' என்றே எழுதி, அளந்ததை வேறாக வையுங்கள். ஒரு பிரதியைக் கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையில் சேர்க்கச் சொல்லி, அந்தப் பக்கத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எங்காவது தடக்கினால் இதன் கீழேயே கேளுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.